யாரைப் போல இருந்தாள்

வெள்ளவத்தை
22.04.2025

அன்புள்ள அப்பா,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கழுத்துக் குழாயைத் தினமும் கழுவுகிறீர்களா, இருமல் குறைந்திருக்கிறதா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

புதுவருடத்தன்று தொலைபேசியில் நான் கதைக்கக் கதைக்க, நீங்கள் வழக்கம்போல நகத்தால் தட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு தட்டு என்றால் ஓம், இரண்டு என்றால் இல்லை. சத்திரசிகிச்சையில் உங்கள் குரல் போன பிறகு அதுவே எங்கள் பாஷையாகிவிட்டது. ஆனால் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு தட்டை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா, எனக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. போனமுறை இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனதால் இம்முறை யாரிடமும் வாய் திறக்கவில்லை. இவர் மட்டும் பொறுக்கமாட்டாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமி எனக்கு அன்னாசியையும் பப்பாசியையும் கண்ணிலும் காட்டுவதில்லை.

இந்தத் தவணை பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடம். கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சந்தோஷமாக இருக்கிறேன் அப்பா. பயமாகவும் இருக்கிறது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மேனுகா


உரும்பிராய்
03.05.2025

அன்பு மகள் மேனுகாவுக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்த பிறகு மிகமிக நலம். குழாயைக் கழுவுகிறேன். இருமல் என் சொந்த விஷயம்.

உன் கடிதத்தை முற்றத்தில் நின்று வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணை, லொத்தர் விழுந்திட்டுதோ?” என்று கேட்டாள். தலையாட்டினேன். இப்போது ஊர் முழுக்க எனக்கு லொத்தர் விழுந்த கதைதான். கடன் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

உனக்குக் கலியாணமாகி இந்த ஆறு வருடத்தில் நான் உன்னிடம் ஒருநாளும் பிள்ளை பற்றிக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. உனக்கு நோகும் என்று விட்டேன்.

இனி முறையைக் கேள். ஏழாம் மாதம் பெண்ணை அழைத்துவருவது தாய் செய்யும் வேலை. உன் அம்மா இல்லாதபடியால் நானே வருவேன். தலைப்பிள்ளை பெண் வீட்டில்தான் பிறக்க வேண்டும். அம்மாவின் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். இதில் உன் மாமியாரின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு நம் முறை தெரிந்திருக்காது. நீயே சொல்லி வை.

ஆறுதலாகப் படி ஏறு.

அப்பா


வெள்ளவத்தை
09.06.2025

அன்புள்ள அப்பா,

நலமா? யாழ்ப்பாணத்தில் வெயில் கொளுத்துகிறது என்று செய்தியில் சொன்னார்கள். மத்தியானத்தில் மாட்டுக்குப் புல் வெட்டப் போகாதீர்கள்.

போன கிழமை ஸ்கான் எடுத்தார்கள். தலை, முதுகெலும்பு, இதயம் எல்லாம் சரியாம். கால்களை நீட்டி உதைத்துக்கொண்டிருந்தது. இவர் திரையைப் பார்த்து, “ஃபுட்போல் விளையாடுது” என்றார்.

மற்றபடி விசேஷம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் லீவு எடுத்திருக்கிறேன். ஓய்வாக இருந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னார். மாமி வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். சமையல் அவருடையது. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கடல் பக்கத்து ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய மகாராணி வாழ்க்கை.

அறைக்கு வெள்ளையடித்தாயிற்றா என்று கேட்டால் அடித்தாயிற்று என்றுதான் எழுதுவீர்கள். அவசரப்படவேண்டாம் அப்பா.

அன்புடன்
மேனுகா


உரும்பிராய்
21.06.2025

அன்பு மகளுக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று நம்ப விரும்புகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். காய்ச்சலோடும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நீ. விசேஷம் இல்லாமல் லீவு எடுத்திருக்கிறாய். விசேஷம் இல்லாமல் மாமியார் கொட்டாஞ்சேனையிலிருந்து பெட்டியோடு வந்திருக்கிறார். எனக்குப் போனது குரல்தான், மூளை இல்லை. உன்னை இங்கே அனுப்பாமல் பிடித்துவைக்கத்தான் அந்தப் பெண் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆடி பிறந்தால் நல்ல நாள் இல்லை. ஆகவே ஆனி கடைசித் திங்கட்கிழமை குறித்திருக்கிறேன். வான் பேசியாயிற்று. பின் இருக்கையில் நீ படுத்துக்கொண்டே வரலாம். பாலேஸ்வரி பயற்றம்பணியாரம் சுட்டுத் தருவாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தான் என்று என்னை யாரும் சொல்லக்கூடாது.

ஆயத்தமாக இரு.

அப்பா


வெள்ளவத்தை
03.07.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன்.

கோபிக்காமல் வாசியுங்கள். நான் இம்முறை ஊருக்கு வரவில்லை. கொழும்பிலேயே பெறுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். இவருக்கு லீவு கிடைக்காது. ஒரே டொக்டரிடம் காட்டுவது வசதி. வானில் எட்டு மணித்தியாலம் இருக்க எனக்கு முடியாது, வாந்தி வரும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. மாமி தடுக்கவும் இல்லை.

வானைத் தயவுசெய்து நிற்பாட்டிவிடுங்கள். பிள்ளை பிறந்தபின் முப்பத்தோராம் நாள் தீட்டுத் துடக்கைக் கழித்துவிட்டு வந்து, அந்த அறையில் மூன்று மாதம் இருப்பேன். சத்தியமாக.

மன்னியுங்கள் அப்பா.

மேனுகா


உரும்பிராய்
12.07.2025

மேனுகாவுக்கு,

நலம்.

வானை நிற்பாட்டிவிட்டேன். பணியாரத்தைப் பாலேஸ்வரியின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

சிறுவயதில் யாழ்ப்பாணப் பட்டணம் வரை சைக்கிளில் போய்வந்தவள் நீ. உனக்கு வாந்தி வருமாம். அம்மா இருந்திருந்தால் கட்டாயம் வந்திருப்பாய். தாயில்லாத வீட்டுக்கு, கழுத்தில் ஓட்டையோடு இருக்கிற ஒரு கிழவனிடம் யார் வருவார்கள்? அதை நேராகவே எழுதியிருக்கலாம்.

இனி நான் கரைச்சல் தரமாட்டேன். உன் மாமியாரிடம் சொல், அவர் வென்றுவிட்டார்.

வரதராசா


ஆஸ்பத்திரி, கொழும்பு
30.07.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தில் ‘அப்பா’ என்று கையெழுத்துப் போடாமல் பெயரைப் போட்டிருந்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிடுகிறீர்களா? இருமல் எப்படி?

நான் வாட்டில் இருக்கிறேன். இரண்டு கிழமையாகிறது. இனிப் பிள்ளை பிறக்கும்வரை வீட்டுக்கு விடமாட்டார்கள்.

நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். அம்மா இருந்திருந்தால் அவரிடம் ஒரு வரியில் சொல்லியிருப்பேன். நீங்கள் சொன்னதில் அது மட்டும் சரி. அப்பாவிடம் எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. சூல்வித்தகம் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. நம் மாடு கன்று போட்டபின் விழும் இளங்கொடியைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவீர்களே, அதுதான் அப்பா. எனக்கு அது மேலே இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கீழே, பிள்ளை வெளியே வரும் வாசலை மூடிக்கொண்டு கிடக்கிறது. வாசல் கொஞ்சம் அசைந்தாலும் இரத்தம் வரும். அந்த ஸ்கானில்தான் தெரிந்தது. வயிறு வளர வளர அது மேலே ஏறிவிடும், பலருக்கு ஏறியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். நானும் ஏறும் ஏறும் என்று காத்திருந்தேன். எனக்கு ஏறவில்லை.

ஆனி கடைசியில் முதல்தரம் இரத்தம் கண்டது. நோவே இல்லை. நோவு இருந்தாலாவது உடம்பு சொல்லித் தருகிறது என்று நினைக்கலாம். பிறகு இரண்டு தரம் வந்து நின்றது. இப்போது கழிவறைக்குப் போகப் பயம். இருமப் பயம். சிரிக்கப் பயம். பக்கத்துக் கட்டிலில் லுத்பியா என்று கொம்பனித்தெருப் பெண் ஒருத்தி, அவளுக்கும் இதே பிரச்சினை. நாங்கள் இருவரும் காலையில் கண்விழித்ததும் முதலில் கேட்பது, “இண்டைக்கு வெள்ளையா?” என்றுதான். வெள்ளை என்றால் இரத்தம் இல்லை. அன்றைய நாள் பிழைத்தோம். பிள்ளை உள்ளே அசையும்போது அதற்கு இதெல்லாம் தெரியுமா என்று யோசிக்கிறேன். தெரியாது என்று நினைத்தால்தான் கொஞ்சம் நிம்மதி.

மாமி என்னைப் பிடித்துவைக்க வரவில்லை. தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சோறு கொண்டுவருகிறார். “பயப்படாத கண்ணு, நீ தைரியமா இருந்தாத்தான் அது மேல ஏறும்” என்கிறார். விஞ்ஞானம் படிப்பித்தவள் நான், தலையாட்டிவிட்டுத் தைரியமாக இருக்கப் பார்க்கிறேன்.

முப்பத்தாறு கிழமை வரை தள்ளிவிட்டால் போதுமாம். இன்னும் நிறைய நாள் இருக்கிறது. வாருங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள்
மேனுகா


உரும்பிராய்
04.08.2025

என் செல்ல மகளுக்கு,

என் சுகத்தை விடு. உன் சுகம்தான் என் சுகம்.

கடிதத்தை வாசித்துவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய் நின்று அழுதேன். குரல் இல்லாதவன் அழுதால் ஒரு வசதி, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. உன்னை அந்த வானில் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நீ எனக்குப் பொய் எழுதிய கோபம் எனக்கு இல்லை. நான் உண்மை என்று நினைத்து எழுதியவைதான் என்னைக் கொல்கின்றன.

நான் ஏன் இதுவரை கொழும்புக்கு வந்து தங்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். என் கழுத்து ஓட்டையை உன் மாமியார் வீட்டார் பார்ப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. இருமினால் அது வழியாகச் சளி வரும். சால்வையால் மூடிக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது? அந்த வெட்கத்தை இன்றோடு விட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறுகிறேன். சனி காலையில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பேன். நானும் தினமும் ‘வெள்ளையா’ என்று எழுதிக் கேட்கிறேன். பாலேஸ்வரி மாட்டைப் பார்த்துக்கொள்வாள்.

பயப்படாதே. என்னைவிடத் தைரியமான பிள்ளை நீ.

அப்பா


உரும்பிராய்
01.09.2025

அன்பு மகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ மாமி வீட்டில் நன்றாக ஓய்வெடுக்கிறாய் என்று நினைக்கிறேன்.

இரும்புக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பின் குடி. தேத்தண்ணீரோடு குடிக்காதே. கர்ப்பப்பை எடுத்த உடம்பு, ஆறு மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் மருமகனிடம் சொன்னார். வாளியில் தண்ணீர்கூடத் தூக்காதே. போன பிள்ளையை நினைத்து உடம்பைக் கெடுக்கவேண்டாம். உன்னைக் காப்பாற்றித் தந்தார்கள், அது போதும் எனக்கு.

இங்கே இரண்டு நாளாக மழைக்குணம். மாடு நன்றாகச் சாப்பிடுகிறது. வேலி கொஞ்சம் சரிந்துவிட்டது, ஆள் பிடிக்க வேண்டும். முருங்கை காய்த்திருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா


கொட்டாஞ்சேனை
15.09.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். குளிசை குடிக்கிறேன். வாளி தூக்கவில்லை.

வேலியையும் முருங்கையையும் வாசித்தேன். நான் தேடியது அதில் இல்லை.

நீங்கள் பஸ் ஏறிய அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் படுக்கை நனைந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. லுத்பியா கத்தினாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கண் விழித்தபோது நான்கு நாள் போயிருந்தது. வயிறு தட்டையாக இருந்தது. மகள் பிறந்தாள், அடுத்த நாள் முழுக்க இருந்தாள், ஞாயிறு காலை போய்விட்டாள், அடக்கமும் செய்தாயிற்று என்று இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எல்லாம் நான் இல்லாமலே நடந்து முடிந்துவிட்டது.

பால் வந்தது அப்பா. உங்களிடம் எழுத இனி எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மாமி மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். கட்டும்போது என்னோடு சேர்ந்து அழுதார். ஆனால் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், “அத ஏம்மா கேக்குற, வேணாம்” என்று எழும்பிப் போய்விடுகிறார். இவர் இரத்தம் தேடி ஓடிக்கொண்டிருந்தாராம், அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லையாம். ஒரு படம்கூட இல்லை.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீதியில் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த முகத்தை அவளுக்கு வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு முகம். எதுவும் நிற்பதில்லை. என் பிள்ளையை நினைக்கவேண்டாம் என்கிறீர்கள். எந்த முகத்தை வைத்து நான் நினைப்பது?

கிளினிக்குக்குப் போனபோது, குறைமாதப் பிள்ளைகளின் அறையில் வேலை செய்யும் நிலூஷா நர்ஸைக் கண்டேன். “உங்கட அப்பாதான் பேபி கிட்ட இருந்தது, முழு நாளும்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எனக்குச் சொல்லுங்கள். அவள் யாரைப் போல இருந்தாள்?

மேனுகா


கொட்டாஞ்சேனை
08.10.2025

அப்பா,

நலமா என்று கேட்கிறேன். மூன்று கிழமையாகப் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டேன், நீங்கள் ஒரு தட்டும் தட்டவில்லை. பாலேஸ்வரி அக்காதான் போனை வாங்கி, “அண்ணை எழும்பிப் போயிட்டார் பிள்ளை” என்றார்.

கூச்சத்திலும், உங்களுக்கு நோகும் என்றும் நான் மறைத்தேன். அதனால் நமக்கு என்ன நன்மை வந்தது? நீங்களும் அதையே எனக்குச் செய்யாதீர்கள்.

மேனுகா


உரும்பிராய்
17.10.2025

என் மகளுக்கு,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், குறை நினைக்காதே. விசாரிக்கத் தொடங்கினால் அதிலேயே கடிதத்தை முடித்துவிடுவேன்.

அந்தச் சனி காலை பஸ்ஸால் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருந்தார்கள். மருமகன் இரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிவரப் போயிருந்தார். உன் மாமி வாசலில் நின்றார். என் கழுத்தை அவர் பார்க்கவே இல்லை. “புள்ளகிட்ட போங்க சம்பந்தி, அங்க யாருமே இல்ல. நான் மேனுகாவ விட்டு நகரமாட்டேன்” என்றார்.

குறைமாதப் பிள்ளைகளின் அறைக்குள் தாய் தகப்பனைத் தவிர யாரையும் விடுவதில்லை. நிலூஷா நர்ஸ் சிங்களத்தில் ஏதோ கேட்டார். கடதாசியில் எழுதிக் காட்டினேன். தமிழ் அவருக்கு வாசிக்க வரவில்லை. என் வாயைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவச் சொல்லிக் காட்டிவிட்டு உட்கார ஒரு கதிரை போட்டுத் தந்தார்.

அவள் என் முழங்கை நீளம்கூட இல்லை. மூக்கில் குழாய். நானும் குழாயால் மூச்சு விடுகிறவன். இருவருமாக அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். தலைமயிர் நிறைய இருந்தது. நீளமான கால் விரல்கள், அவை உன்னுடையவை. ஒரு கையை எந்நேரமும் கன்னத்தோடு வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு கொட்டாவி விட்டாள். அவ்வளவு சின்ன வாயில் ஒரு பெரிய மனிசியின் கொட்டாவி. நான் சிரித்துவிட்டேன் மகள். அந்த இடத்திலும் சிரித்தேன்.

இரவு என்னை அனுப்பிவிட்டார்கள். விடிந்ததும் மறுபடி போனேன். மூச்சு வரவர மெதுவாகியது. நர்ஸ் கண்ணாடிப் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, என் கையை எடுத்து அவள் முதுகில் வைத்தார். அந்தக் கை அங்கே இருக்கும்போதுதான் போனாள். தவிக்கவில்லை. தனியாகப் போகவும் இல்லை.

பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை. உன் மாமி குளிப்பாட்டித் தன் நூல் சேலையைக் கிழித்துச் சுற்றித் தந்தார். மருமகனும் நானும் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். “மேனுகா கண்ணு முழிச்சா எதையும் சொல்லவேணாம்ங்க. கேட்டா சாகுற வரைக்கும் மறக்கமாட்டா” என்று மாமி சொன்னார். நம் பக்கத்திலும் அதுதான் வழக்கம், நானும் தலையாட்டினேன். பார்க்காத பிள்ளையை மறப்பது இன்னும் கஷ்டம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

இனி நீ கேட்டது. அதை எழுதத்தான் இத்தனை நாள் எடுத்தது. அங்கே இருந்த நேரமெல்லாம் அவளிடம் உன் அம்மாவைத் தேடினேன். உன்னைத் தேடினேன். வெட்கமில்லாமல் என்னையும் தேடினேன். விரல்களைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. தோட்டத்து ஆட்கள் என்று நான் வாய்க்கு வந்தபடி எழுதினேனே, அந்த மனிசியின் முகம் அது. அதே அகன்ற நெற்றி, அதே உள்வாங்கிய கண், வாய்க்குக் கீழே நாடியில் அதே குழி. உன் கலியாணத்தன்றுகூட நான் சரியாக நிமிர்ந்து பார்க்காத முகத்தை அன்று பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

உன் மகள் உன் மாமியைப் போல இருந்தாள். நாளைக் காலையில் அவர் தேத்தண்ணீர் கொண்டுவந்து தரும்போது நிமிர்ந்து பார்.

அப்பா